மரவாடி விபத்து, மூன்று விரல் போனது: இழப்பீட்டு உத்தரவில் தொகை குறைவு, ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகலாமா?

மேலூர்த் தம்பி
21 ஜூலை 2025, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். இது என் பெரியப்பா மகன் விஷயம். அண்ணனுக்கு போனில் டைப் அடிக்க இப்போது கை வராது. அதனால் நான் எழுதுகிறேன்.

அண்ணன் ஒரு மரவாடியில் பதினோரு வருஷம் வட்ட ரம்பத்தில் நின்றவர். 2021 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை, சம்பள நாள். வேப்பங்கட்டை ஒன்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். உள்ளே கணு இருந்தது தெரியவில்லை. கட்டை துள்ளியது, கை ரம்பத்துக்குள் போய்விட்டது. வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் அடியோடு இல்லை. பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான். அப்போது வயது 34.

அங்கே மொத்தமே ஏழு பேர், இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) கிடையாது. 2022இல் இழப்பீடு கேட்டு, இந்த வழக்குகளை விசாரிக்கும் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் மனுப் போட்டோம். போன ஜூன் 9ஆம் தேதி உத்தரவு வந்தது: 2,87,136 ரூபாய். இன்சூரன்ஸ் கம்பெனி 30 நாளில் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. ஜூலை முதல் வாரத்திலேயே கட்டிவிட்டார்கள். நாங்கள் இன்னும் எடுக்கவில்லை.

நேற்று ஓனரின் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். ஒரு பத்திரத்தில் டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் ஓனர் கையிலிருந்து ஐம்பதாயிரம் தருவாராம். பெரியம்மா வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

மெடிக்கல் போர்டு 42 சதவீதம் ஊனம் என்று கொடுத்தது. உத்தரவில் 30 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். இதற்கு அப்பீல் போகலாமா? எந்த ஆபீஸ், எந்த மில் என்று கேட்காதீர்கள், எழுத மாட்டேன்.

செல்லூர் மாரி
21 ஜூலை 2025, இரவு 11.15

தம்பி, முதல் வேலை: அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கணக்குப்பிள்ளை நாளைக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போகட்டும், பேனாவை மட்டும் எடுக்காதீர்கள்.

சங்கத்தில் இருபது வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சும்மா ஐம்பதாயிரம் தருகிற ஓனர் யாரும் இல்லை. தருகிறார் என்றால், நீங்கள் மேலே போனால் அவருக்கு அதைவிட அதிகம் போகும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

கப்பலூர் லேத்
22 ஜூலை 2025, காலை 6.50

எனக்கும் விரல் போனது, ஒரே ஒரு விரல், பவர் பிரஸ்ஸில். எங்கள் கம்பெனிக்கு இ.எஸ்.ஐ. இருந்தது, அதனால் மாதாமாதம் பணம் வருகிறது. இ.எஸ்.ஐ. இருந்தால் இந்தச் சட்டத்தில் கேஸ் போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு இல்லை என்பதால்தான் இந்த வழி.

அண்ணனுக்குத் தைரியம் சொல்லுங்கள். முதல் ஒரு வருஷம் சட்டைப் பொத்தான் போடும்போதெல்லாம் அழுகை வரும். அப்புறம் கை தானாக வேறு வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஒத்தக்கடை வக்கீல்
22 ஜூலை 2025, காலை 9.05

மேலூர்த் தம்பி, அவசரமான விஷயத்தை முதலில் சொல்கிறேன்.

1923ஆம் வருஷத்து ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 30ஆவது பிரிவு. ஆணையரின் உத்தரவு மேல் உயர் நீதிமன்றத்தில் அப்பீல். நமக்கு மதுரைக் கிளை. கெடு 60 நாள். ஜூன் 9இல் இருந்து எண்ணினால் ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை. நகல் மனுப் போட்டு நகல் கைக்கு வரும்வரை ஆன நாளைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். கெடு தாண்டினாலும் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்தது, நிறையப் பேர் தெரியாமல் வந்து ஏமாறுகிற இடம். இந்த அப்பீல் மறு விசாரணை அல்ல. முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் ஏற்பார்கள். பிணக்கில் இருக்கும் தொகையும் குறைந்தது 10,000 ரூபாய் இருக்க வேண்டும் (2017 திருத்தத்துக்கு முன்னால் இது வெறும் 300 ரூபாய்). நடந்தது என்ன, யார் சொன்னது உண்மை என்பதில் ஆணையர் சொன்னதுதான் கடைசி. 2016இல் கொல்லா ராஜண்ணா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

"42 கொடுக்காமல் 30 கொடுத்தார்கள்" என்பதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால், உண்மை பற்றிய விஷயம் என்று முதல் நாளே அனுப்பிவிடலாம். வேறு என்ன இருக்கிறது என்று உத்தரவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மேலூர்த் தம்பி
22 ஜூலை 2025, மதியம் 1.20

சார், கோபப்படாதீர்கள். மூன்று விரல் போனது சட்டக் கேள்வி இல்லையா?

ஒத்தக்கடை வக்கீல்
22 ஜூலை 2025, மதியம் 1.45

இல்லை தம்பி. விரல் போனது நடந்த உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை. அதற்கு எந்தப் பிரிவில், எந்தக் கணக்கில், எந்தத் தேதியிலிருந்து பணம் என்பதுதான் சட்டக் கேள்வி. நீதிபதி முன்னால் கையைக் காட்டினால் மனசு இளகும், கோப்பு நகராது.

ரிட்டயர்டு ரைட்டர்
22 ஜூலை 2025, மாலை 5.30

நான் வக்கீல் இல்லை. இந்த மாதிரி ஆபீஸ் ஒன்றில் முப்பது வருஷம் கோப்பு கட்டியவன். தம்பி எழுதிய தொகையைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. பழைய நோட்டை எடுத்துப் பின்னாலிருந்து கணக்குப் போட்டேன். பொறுமையாகப் படியுங்கள்.

நிரந்தர ஊனத்துக்குச் சூத்திரம் இது: மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். வருவது முழு ஊனத்துக்கான தொகை. பகுதி ஊனம் என்றால் அதில் அத்தனை சதவீதம். நான்காவது அட்டவணையில் 34 வயதுக்குக் காரணி 199.40. ஒரு கையில் மூன்று விரல் இழப்புக்கு முதல் அட்டவணையில் 30 சதவீதம். அதனால் 30 போட்டது வானத்திலிருந்து வந்ததல்ல, அட்டவணையில் உள்ளதுதான்.

இப்போது உத்தரவுத் தொகையைத் திருப்புகிறேன். 2,87,136ஐ 30 சதவீதமாக வைத்தால் முழுத் தொகை 9,57,120. அதை 199.40ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 4,800. அது எதன் 60 சதவீதம்? 8,000.

ஆக, சம்பளம் 8,000 என்று வைத்திருக்கிறார்கள். பதினோரு வருஷம் ரம்பத்தில் நின்றவருக்கு 2021இல் மாதம் எட்டாயிரமா? தம்பி, சம்பளம் எவ்வளவு, அதற்கு என்ன ஆதாரம் கொடுத்தீர்கள், உத்தரவில் சம்பளம் பற்றி எழுதியிருக்கும் பத்தி என்ன? சுருக்கிச் சொல்ல வேண்டாம், அந்தப் பத்தியை அப்படியே எழுத்துக்கு எழுத்து இங்கே அடித்துப் போடுங்கள்.

மேலூர்த் தம்பி
22 ஜூலை 2025, இரவு 9.55

ஐயா, வாரம் 4,000 ரூபாய். கோவிட் வந்தபிறகு சனிக்கிழமை கூகுள் பேயில் ஓனரே போட்டுவிடுவார். அந்த பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கொடுத்திருந்தோம்.

பத்தி 11 இதுதான், அப்படியே அடிக்கிறேன்:

"மனுதாரரின் வங்கிக் கணக்கு அறிக்கையிலிருந்து அவர் மாதம் ரூ.16,000 ஊதியம் பெற்றுவந்தார் என்பது மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. எனினும் சட்டப்படி மாத ஊதியம் ரூ.8,000க்கு மேற்பட்டிருப்பினும் ரூ.8,000 எனவே கொள்ளத்தக்கது என்பதால், ஊதியம் ரூ.8,000 என நிர்ணயிக்கப்படுகிறது."

ரிட்டயர்டு ரைட்டர்
22 ஜூலை 2025, இரவு 10.10

அவ்வளவுதான். கிடைத்துவிட்டது.

எட்டாயிரம் வரம்பு 2010 மே 31இல் வந்தது. 2020 ஜனவரி 3இல் மத்திய அரசு அதை 15,000 ஆக்கிவிட்டது. அண்ணனுக்கு விபத்து 2021 ஆகஸ்ட். பழைய உத்தரவு ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி அடிக்கும்போது இந்த மாதிரி வரி அப்படியே தங்கிவிடும். எந்த ஆபீஸிலும் நடக்கும். எட்டாயிரத்துக்கு முந்தி நாலாயிரம் இருந்த காலத்திலும் இதே கதைதான்.

15,000 வைத்தால்: 60 சதவீதம் 9,000. அதை 199.40ஆல் பெருக்கினால் 17,94,600. அதில் 30 சதவீதம் 5,38,380.

இரண்டுக்கும் வித்தியாசம் 2,51,244 ரூபாய். கணக்குப்பிள்ளை கொண்டுவந்தது ஐம்பதாயிரம்.

செல்லூர் மாரி
22 ஜூலை 2025, இரவு 10.22

பெரியவரே, கும்பிடுகிறேன்.

ஒத்தக்கடை வக்கீல்
23 ஜூலை 2025, காலை 8.15

ரைட்டர் ஐயா என் வேலையை முடித்துவிட்டார். இது அசல் சட்டக் கேள்வி. சம்பளம் 16,000 என்று ஆணையரே உண்மையை முடிவு செய்துவிட்டார், அது இனி நமக்குக் கோட்டை. எதிர்த்தரப்பு அதை அசைக்க வேண்டுமானால் கொல்லா ராஜண்ணா அவர்களுக்கும்தான் குறுக்கே நிற்கும். விபத்து நாளன்று அமலில் இருந்த வரம்பு எது என்பது மட்டும்தான் கேள்வி. அதற்குச் சாட்சி தேவையில்லை, அரசிதழ் போதும்.

இரண்டாவது, வட்டி. உத்தரவிலிருந்து 30 நாளில் கட்டாவிட்டால்தான் வட்டி என்று எழுதியிருப்பதும் சரியில்லை. 4ஏ பிரிவுப்படி இழப்பீடு சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம். சேர வேண்டிய நாள் எது? விபத்து நாள். பிரதாப் நாராயண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் சொன்னது. நடுவில் ஒன்றிரண்டு தீர்ப்புகள் உத்தரவு நாள் என்று குழப்பின. 2012இல் சிபி ஜார்ஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் குழப்பத்தைத் தீர்த்து, பழையதுதான் சரி என்றது.

ரைட்டர் கணக்கையே எடுத்துக்கொண்டால், 5,38,380க்கு மாத வட்டி சுமார் 5,384 ரூபாய். 2021 செப்டம்பர் நடுவிலிருந்து இந்த ஜூன் வரை 45 மாதம் என்று வைத்தால் 2,42,000க்குக் கொஞ்சம் மேலே. உங்கள் உத்தரவில் இது பூஜ்யம்.

பத்திர விஷயம். 17ஆவது பிரிவுப்படி இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. சரி, செல்லாதுதானே என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஆணையரின் முடிவுக்குக் கட்டுப்படுவதாக இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட வழக்கில் அப்பீல் கிடையாது என்று 30ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அந்தத் தாளை அதற்குத்தான் காட்டுவார்கள். செல்லாது என்று நாம் வாதாடி ஜெயிப்பதற்குள் இரண்டு வாய்தா போய்விடும்.

உசிலம்பட்டி அக்கா
23 ஜூலை 2025, காலை 11.30

சார், ஒரு சந்தேகம். கட்டிய பணத்தை எடுத்தால் அப்பீல் போச்சு என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் கல்குவாரியில் தவறியபோது, இன்சூரன்ஸ்காரர்தான் அப்பீல் போனார். நாங்கள் பயந்துகொண்டு பணத்தைத் தொடவே இல்லை. பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வட்டிக்கு வாங்கினேன்.

ஒத்தக்கடை வக்கீல்
23 ஜூலை 2025, மதியம் 12.40

அக்கா, அது தப்பான பேச்சு, நிறையப் பேரைக் கஷ்டப்படுத்தியிருக்கிறது. கட்டிய தொகையை எடுப்பதால், இன்னும் அதிகம் கேட்கும் உரிமை போகாது. எடுக்கும் மனுவில் "மேல்முறையீட்டு உரிமைக்குப் பாதகமின்றி, எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ரசீதில் "முழுத் திருப்தியுடன்" என்று அச்சடித்திருந்தால் அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் மாதிரி எதிர்த்தரப்பு அப்பீல் போகும்போது, முதலாளி முழுத் தொகையையும் கட்டி, கட்டியதற்கு ஆணையரின் சான்றிதழ் வைத்தால்தான் மனுவையே வாங்குவார்கள். அந்தப் பணத்தை ஆணையர் நிறுத்திவைக்க இடம் கொடுத்த 30ஏ பிரிவை 2017இல் எடுத்துவிட்டார்கள். ஹைகோர்ட்டு தடை கொடுத்தால் அது வேறு. அப்போதும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம்.

ஒரு சின்ன மில் ஓனர்
23 ஜூலை 2025, இரவு 8.00

எல்லாரும் ஓனரைத் திட்டுகிறீர்கள், நானும் ஒரு ஓனர்தான். ஒன்று சொல்கிறேன். பாலிசி போடும்போது பிரீமியம் குறையட்டும் என்று ஏஜென்ட் ஆளுக்கு எட்டாயிரம் சம்பளம் என்று எழுதச் சொல்வார். நாமும் எழுதிவிடுவோம். அப்புறம் கோர்ட்டில் பதினைந்தாயிரம் என்று வந்தால், அறிவித்த சம்பளத்துக்குத்தான் பொறுப்பு, மீதி உன் பாடு என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். அந்த ஓனர் பயப்படுவது இதற்காக இருக்கலாம். கெட்டவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நான் இப்போது உண்மைச் சம்பளத்தைத்தான் எழுதுகிறேன். பிரீமியம் வருஷத்துக்குச் சில ஆயிரம் கூட ஆகிறது, ராத்திரி தூக்கம் வருகிறது.

செல்லூர் மாரி
23 ஜூலை 2025, இரவு 8.20

சொன்னதற்கு நன்றி, ஓனர். அப்படியே அபராத விஷயத்தையும் சொல்லிவிடுங்கள்! காரணமில்லாமல் தாமதித்தால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதம் போடலாம். அது இன்சூரன்ஸ் தலையில் விழாது, ஓனர் பையிலிருந்துதான். 1997இல் வேத் பிரகாஷ் கார்க் வழக்கு.

தம்பி, நம் வக்கீல் சார் ரொம்ப ஜாக்கிரதையாகப் பேசுகிறார். நான் சொல்கிறேன், 100 சதவீதம் கேளுங்கள். அவரே சொன்ன பிரதாப் நாராயண் சிங் வழக்கு, ஏ.ஐ.ஆர். (தீர்ப்புத் தொகுப்பு) 1976. அது ஒரு தச்சர் கேஸ். இடது கை முழங்கைக்கு மேலே போனது. அட்டவணைப்படி 70தான். ஒற்றைக் கையோடு தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் முழு ஊனம் என்று 100 கொடுத்தார்கள். வலது கையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ரம்பத்தில் நிற்க முடியுமா?

ஒத்தக்கடை வக்கீல்
23 ஜூலை 2025, இரவு 10.05

மாரி தோழர், அந்தத் தீர்ப்பு எனக்கும் மனப்பாடம். கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த வரிசையில் கேட்பது என்பதுதான் பேச்சு.

தம்பி, இரண்டு கேள்வி. டாக்டர் சாட்சியத்தில் ரம்ப வேலை பற்றி ஏதாவது சொன்னாரா? அண்ணன் இப்போது என்ன செய்கிறார்?

மேலூர்த் தம்பி
24 ஜூலை 2025, காலை 7.30

டாக்டர் குறுக்கு விசாரணையில் "இயந்திர ரம்பத்தில் வேலை செய்ய இயலாது, இலகுவான வேலை செய்யலாம்" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷம் வீட்டில்தான் இருந்தார். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் ராத்திரி வாட்ச்மேன், 7,000 ரூபாய்.

நேற்று உங்கள் பதிலெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டினேன். டீ கிளாஸை எப்படிப் பிடிக்கிறார் என்று நேற்றுத்தான் கவனித்தேன். பெருவிரலையும் சுண்டுவிரலையும் இடுக்கி மாதிரி விளிம்பில் வைத்து, கிளாஸ் அடியை இடது உள்ளங்கையில் தாங்கிக்கொள்கிறார். காதுக்கு மேலே பென்சில் வைக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. மண்டபத்துக்கும் பென்சிலோடுதான் போகிறார்.

அப்புறம் முதல் முறையாக வாயைத் திறந்தார். "கார்டைக் கழற்றச் சொன்னது அவர்தான்னு தீர்ப்புல எழுதியிருக்கா?" என்று கேட்டார். கார்டு என்றால் ரம்பத்தின் பாதுகாப்பு மூடி, அவர் என்றது ஓனரை. எழுதியிருக்கிறது, பத்தி 9. கார்டை அண்ணனே கழற்றினார் என்று ஓனர் தரப்பில் சொன்னதை ஆணையர் நம்பவில்லை. அதைப் படித்ததும் "அது போதும்" என்றார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒத்தக்கடை வக்கீல்
24 ஜூலை 2025, காலை 9.20

பத்தி 9 சின்ன விஷயமில்லை. பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே தொழிலாளியே கழற்றினார் என்று மெய்ப்பித்திருந்தால், மரணமோ முழு ஊனமோ அல்லாத காயத்துக்கு முதலாளி தப்பித்திருக்கலாம். அந்தக் கதவு மூடிவிட்டது.

வரிசை இப்படி இருக்கட்டும். முதல் காரணம், சம்பள வரம்பு. இரண்டாவது, வட்டி தொடங்கும் தேதி. மூன்றாவதாக, பிரதாப் நாராயண் சிங் தீர்ப்பைக் கருத்தில் கொள்ளாமல் அட்டவணையோடு நிறுத்திக்கொண்டது. "இலகுவான வேலை செய்யலாம்" என்று டாக்டர் சொன்னதும், வாட்ச்மேன் வேலையும் மூன்றாவதுக்கு எதிராக நிற்கும். அதை முதலில் வைத்தால் மொத்த அப்பீலும் பரிதாபத்தை நம்பி வந்தது போலத் தெரியும். மாரி தோழருக்கு இதில் மாற்றுக் கருத்து இருக்கும், இருக்கட்டும்.

42க்கும் 30க்கும் வருகிறேன். மெடிக்கல் போர்டு சொல்வது உடம்பின் ஊனம். சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பது. இரண்டும் ஒன்றல்ல. அதனால் 42ஐப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

செல்லூர் மாரி
24 ஜூலை 2025, காலை 9.41

மாற்றுக் கருத்து இருக்கிறது. ஆனால் வாதாடப் போவது நீங்கள், நானில்லை.

கப்பலூர் லேத்
24 ஜூலை 2025, மதியம் 2.10

ஆணையரிடமே போய் "எட்டாயிரம் இல்லை, பதினைந்தாயிரம்" என்று திருத்தச் சொல்ல முடியாதா? எதற்கு ஹைகோர்ட்டு?

ரிட்டயர்டு ரைட்டர்
24 ஜூலை 2025, மாலை 4.00

எழுத்துப் பிழை, கூட்டல் கழித்தல் பிழை மட்டும்தான் அவர் திருத்தலாம். இது சட்டத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டது, அந்த வகையில் வராது. போட்டுப் பார்க்கலாம் என்று மனுவைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் ஆகஸ்ட் 8 போய்விடும்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரிச் செலவு? வேலையில் பட்ட காயத்துக்கு ஆன மருத்துவச் செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும். 2009 திருத்தத்தில் வந்த 4(2ஏ).

மேலூர்த் தம்பி
24 ஜூலை 2025, இரவு 9.15

61,000 ரூபாய் ஆனது. பில்லெல்லாம் இருக்கிறது. ஆனால் மனுவில் கேட்கவே இல்லை என்று இப்போதுதான் பார்க்கிறேன். எங்களுக்குத் தெரியாது, மனு எழுதியவரும் சொல்லவில்லை.

ஒத்தக்கடை வக்கீல்
25 ஜூலை 2025, காலை 8.50

கீழே கேட்காததை மேலே கேட்பது கஷ்டம். அதை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். இதைப் படிக்கும் மற்றவர்கள் மனுப் போடும் நாளிலேயே பில்களைச் சேர்த்துவிடுங்கள்.

கையில் காசு இல்லை என்றால் கூச்சப்படாமல் இலவச சட்ட உதவி கேளுங்கள். தொழிற்சாலைத் தொழிலாளி என்ற வகையிலேயே சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. மதுரைக் கிளை வளாகத்திலேயே சட்டப் பணிக் குழு உண்டு. மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினால் ஒத்தக்கடைக்கு முன்னாலேயே ஹைகோர்ட்டு ஸ்டாப். உத்தரவின் சான்றிட்ட நகல், மனு, பதிலுரை, சாட்சிய நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், அடையாள அட்டை எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். அண்ணனையும் கூட்டிப் போங்கள், வக்காலத்தில் அவர் கையெழுத்து வேண்டும். கையெழுத்து மாறியிருந்தால் இடது கைப் பெருவிரல் ரேகை போதும்.

மேலூர்த் தம்பி
4 ஆகஸ்ட் 2025, மாலை 6.45

இன்று தாக்கல் ஆகிவிட்டது. நாலு நாள் மிச்சம்.

சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் ஒரு அம்மா. இந்த இழையை பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பத்தி 11ஐ மஞ்சள் பேனாவால் அடையாளம் போட்டுவிட்டு, "மத்ததெல்லாம் அப்புறம் படிக்கிறேன்" என்றார்.

அண்ணன் இடது கையால் கையெழுத்துப் போட்டார். ரேகை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து யானைமலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம்.

கணக்குப்பிள்ளை திரும்ப வந்தார், இந்த முறை எண்பதாயிரம். பெரியம்மாவே காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

மேலூர்த் தம்பி
17 அக்டோபர் 2025, இரவு 9.30

அப்பீலுக்கு நம்பர் ஆகிவிட்டது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. கட்டிய 2,87,136ஐ "எதிர்ப்புடன்" என்று எழுதி எடுத்தாயிற்று. அங்கே கொடுத்த ரசீதில், வக்கீல் சார் சொன்னபடியே, அந்த வரி இருந்தது: "முழுத் திருப்தியுடன்". அடித்தோம். கவுண்டரில் இருந்தவர் ஒரு நிமிஷம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு அண்ணன் பெரியம்மாவுக்குச் சேலை எடுத்தார்.

உசிலம்பட்டி அக்கா
2 டிசம்பர் 2025, காலை 10.15

சார், நவம்பர் 21இல் இருந்து பழைய சட்டமே போய்விட்டது, சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் கேஸெல்லாம் என்னவாகும்?

ஒத்தக்கடை வக்கீல்
2 டிசம்பர் 2025, மாலை 7.00

பயப்பட வேண்டாம் அக்கா. தொகையைத் தீர்மானிப்பது விபத்து நடந்த நாளில் இருந்த சட்டம். 1999இல் வல்சலா வழக்கில் சொன்னதுதான். பழைய விபத்துக்குப் பழைய கணக்கு. புதிய தொகுப்பில் வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் நடக்கும் விபத்தையும், வேலையோடு தொடர்பு இருந்தால் சேர்த்திருக்கிறார்கள். அது இனி நடப்பவற்றுக்கு.

திருமங்கலம் புதுசு
11 ஜனவரி 2026, இரவு 11.05

வணக்கம். இழையை முழுக்கப் படித்தேன். என் மாமாவுக்கு 2023இல் தென்னை நார் மில்லில் கை மாட்டிக்கொண்டது. போன வாரம் உத்தரவு வந்தது. தொகை ரொம்பக் குறைவு. அப்பீல் போகலாமா?

மேலூர்த் தம்பி
11 ஜனவரி 2026, இரவு 11.20

வணக்கம் அண்ணே. எங்கள் கேஸ் இன்னும் லிஸ்டில் வரவில்லை, வந்தால் எழுதுகிறேன். மாமாவை எதிலும் கையெழுத்துப் போட விடாதீர்கள். உத்தரவு தேதியை முதலில் சொல்லுங்கள். அப்புறம் சம்பளம் பற்றி எழுதியிருக்கும் பத்தியையும், வட்டி பற்றிய பத்தியையும் எழுத்துக்கு எழுத்து இங்கே அடித்துப் போடுங்கள். ரைட்டர் ஐயா காலையில் வந்துவிடுவார்.

திருமங்கலம் புதுசு
11 ஜனவரி 2026, இரவு 11.26

சரி தம்பி. நகல் வாங்க வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். வாங்கியதும் போடுகிறேன்.